பிஎம் 2.5: வர்த்தமானி எல்லை 50, உலக சுகாதார நிறுவனம் 15. எதை வைத்து மனு எழுதுவது?

கேள்வி: வெள்ளவத்தை_6ஆம்மாடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கம் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுத்துமூலம் ஒரு மனு தயாரிக்கிறது. பிஎம் 2.5 நுண்துணிக்கைக்கான சட்ட எல்லையை இறக்க வேண்டும் என்பது கோரிக்கை. இலங்கையில் 24 மணிநேரச் சராசரிக்குக் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 25. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 15, 5 என்று இறக்கிவிட்டது.

ஆதாரமாகக் கையில் இருப்பது ஆறாம் மாடி பல்கனியில் பூட்டிய ஒரு பர்பிள்எயார் கருவி (லேசர் உணரியால் துணிக்கையை அளக்கும் சிறு மானி). ஒரு பக்கம் காலி நகருக்குப் போகும் காலி வீதி, மறுபக்கம் ரயில் பாதையும் கடலும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் 60 வரை ஏறுகிறது. அதன் தரவை எடுத்துக் காட்டும் கைபேசிச் செயலி அதே நேரத்தில் 154 என்று சிவப்பில் காட்டுகிறது. அரச தரப்பைக் கேட்டால் "எல்லைக்குள்தான் இருக்கிறது" என்கிறார்கள்.

தெரிய வேண்டியவை: இந்த எண்களில் எதை மனுவில் போடலாம்? கருவியின் தரவு அதிகாரிகள் முன் நிற்குமா? 15, 5 என்று நேரடியாகக் கேட்பதா, வேறு எண் கேட்பதா?

பதில்: துணிக்கை_மானி

உங்கள் 60, 154, 50 மூன்றும் வேறு வேறு வகை எண்கள். 60 என்பது ஒரு கனமீற்றர் வளியில் உள்ள துணிக்கையின் எடை. அது திருத்தப்படாதது, ஒரு மணிநேர உச்சமும் கூட. 154 என்பது அமெரிக்க வளித்தரச் சுட்டெண் (மாசின் அளவை 0 முதல் 500 வரையான எண்ணாகவும் நிறமாகவும் மாற்றிக் காட்டுவது), அதற்கு அலகே இல்லை. வர்த்தமானியின் 50 ஒரு முழு நாளின் சராசரிக்கானது. செயலி செய்தது உங்கள் 60ஐ அமெரிக்க அட்டவணையில் போட்டதுதான் (55.5 முதல் 125.4 வரையான அளவு 151–200 என்று மாறும்). அதனால் 154ஐத் தனியொரு சாட்சியாக மனுவில் காட்டாதீர்கள். முதல் கூட்டத்திலேயே உடைத்துவிடுவார்கள்.

மணிநேர உச்சத்தை நாள் எல்லையோடு ஒப்பிடுவதும் நிற்காது. காலையில் நான்கு மணிநேரம் 60, மிச்ச இருபது மணிநேரம் 20 என்றால் நாள் சராசரி 26.7. அது 50க்கு வெகு கீழே. ஆனால் 15க்கு மேலே, உங்கள் வாதத்துக்குத் தேவையானதும் அதுதான்.

அடுத்தது ஈரப்பதன். உள்ளே இருக்கும் பிளான்டவர் உணரி துணிக்கையை நிறுப்பதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையை ஊகிக்கிறது. கடல் உப்பு ஏறக்குறைய 75 வீத ஈரப்பதனிலும் அமோனியம் சல்பேற்று 80 வீதத்துக்கு அண்மையிலும் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஊதிய துணிக்கை கூடுதல் ஒளியைச் சிதறும், கருவி அதைக் கூடுதல் மாசு என்று எண்ணும். கொழும்பில் இரவும் அதிகாலையும் 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம், நீங்கள் இருப்பதோ கடலோரம். அதிகாலை உச்சத்தில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்.

இதற்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆய்வாளர்கள் பர்பிள்எயாருக்கென்று ஒரு திருத்தச் சமன்பாடு தந்திருக்கிறார்கள்:

திருத்திய அளவு = 0.524 × கருவி காட்டும் அளவு − 0.0862 × ஈரப்பதன் வீதம் + 5.75

கருவி 60, ஈரப்பதன் 80 என்றால் 31.4 − 6.9 + 5.75, அதாவது 30.3. சுட்டெண்ணும் 154இலிருந்து 90க்கு இறங்கிவிடும். பயன்படுத்தும்போது பலர் தவறுவது இரண்டு இடத்தில். தரவுக் கோப்பில் பிஎம் 2.5க்கு இரண்டு நிரல்கள் இருக்கும். "சிஎஃப் 1" என்ற நிரலையே எடுக்க வேண்டும். "ஏடிஎம்" நிரல் உயர்ந்த அளவுகளில் அதிலிருந்து விலகிவிடும். ஈரப்பதனுக்கும் கருவியே காட்டும் எண்ணைப் போடுங்கள், வானிலை அவதான நிலையத்தின் எண்ணை அல்ல. கருவியின் உட்புறம் கொஞ்சம் சூடாக இருப்பதால் அது காட்டும் ஈரப்பதன் வெளியை விடக் குறைவு. சமன்பாடு அந்தக் குறைந்த எண்ணை வைத்தே பொருத்தப்பட்டது.

அப்படித் திருத்தினாலும் அது அமெரிக்கத் தரவில் பிறந்த சமன்பாடு. கொழும்புக் கடற்கரைக்குப் பொருந்துகிறதா என்று காட்ட, நம்பகமான ஒரு மானிக்குப் பக்கத்தில் குறைந்தது இரண்டு கிழமை உங்கள் கருவியை வைத்து ஒப்பிட வேண்டும். வடகீழ்ப் பருவத்தில் ஒருமுறை, தென்மேல் பருவத்தில் ஒருமுறை என்றால் இன்னும் பலம். அப்படியான மானிகளில் ஒரு வகையான பீட்டாக் கதிர் மானிகள் உள்ளிழுக்கும் வளியைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கும், அதனால் இந்த ஊதல் பிரச்சினை அங்கே பெரிதாக வராது. எல்லாவற்றுக்கும் மேலான ஒப்பீடு வடிதாள் முறை: நிமிடத்துக்கு 16.67 லீற்றர் வீதம் 24 மணிநேரம் இழுத்தால் 24 கனமீற்றர் வளி. சராசரி 15 ஆக இருந்தால் வடிதாளில் சேர்வது 0.36 மில்லிகிராம் மட்டுமே. ஒரு மைக்ரோகிராம் வரை நிறுக்கும் தராசும், நிறுப்பதற்கு முன்னும் பின்னும் வடிதாளை ஒரே ஈரப்பதனில் வைத்திருக்கும் அறையும் வேண்டும். ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தைச் சேர்த்துக்கொண்டால் இது நடக்கக்கூடியதே.

பொருத்திய இடமும் பிழை. குடியிருப்புப் பகுதியின் வளியை அளக்கும் நிலையத்தில் உறிஞ்சு வாய் நிலத்திலிருந்து 2 முதல் 15 மீற்றர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆறாம் மாடி அதைத் தாண்டிவிடும். பல்கனி மூலையில் காற்று சுழலும், சமையலறைப் புகைபோக்கி, சாம்பிராணி, நுளம்புச்சுருள் எல்லாம் கணக்கில் சேரும். முதலாம் அல்லது இரண்டாம் மாடியில், சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, மூன்று பக்கமாவது திறந்த இடத்தில் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு உணரிகளும் 5 மைக்ரோகிராமுக்கு மேல் தமக்குள் விலகும் மணிநேரங்களைக் கழித்துவிடுங்கள். 18 மணிநேரத் தரவாவது இல்லாத நாளைச் சராசரியில் சேர்க்க வேண்டாம்.

பதில்: பருவக்காற்று

அளவீடு பற்றித் துணிக்கை_மானி சொன்னது போதும். நான் எண்ணின் அரசியலுக்கு வருகிறேன்.

மனுவில் முதலில் விளங்கப்படுத்த வேண்டியது, 50 என்பது "இதற்குக் கீழே பாதுகாப்பு" என்று விஞ்ஞானம் கண்டுபிடித்த கோடு அல்ல என்பதுதான். பிஎம் 2.5க்குப் பாதுகாப்பான கீழ் எல்லை எதுவும் இதுவரை காணப்படவில்லை. அளவு குறையக் குறைய ஆபத்து குறைகிறது, அவ்வளவுதான். அந்த வளைகோட்டில் எந்த இடத்தில் நிற்பது என்பது அரசு எடுக்கும் முடிவு. நல்ல உதாரணம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2024இல் அவர்கள் ஆண்டு எல்லையை 12இலிருந்து 9க்கு இறக்கினார்கள், கூடவே சுட்டெண் அட்டவணையையும் மாற்றினார்கள். அதற்கு முன் 10 மைக்ரோகிராம் என்றால் சுட்டெண் 42, பச்சை. மாற்றத்துக்குப் பின் அதே 10க்கு 53, மஞ்சள். வளி அப்படியேதான் இருந்தது. நம்முடைய சட்ட எல்லையான 50ஐ அந்த அட்டவணையில் போட்டால் 137 வருகிறது: சிறுவர், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்ற வகுப்பு. "எல்லைக்குள் இருக்கிறது" என்ற பதிலுக்கு எதிராக இந்த ஒரு வரியை வையுங்கள். கருவித் தரவு எதுவும் இல்லாமலே நிற்கும் வாதம் இது.

எந்த எண்ணைக் கேட்பது? உலக சுகாதார நிறுவனம் வெறும் 15, 5 மட்டும் தரவில்லை, படிகளும் தந்திருக்கிறது. ஆண்டுச் சராசரிக்கு 35, 25, 15, 10, கடைசியில் 5. நாள் சராசரிக்கு 75, 50, 37.5, 25, கடைசியில் 15. நமது 2008 வர்த்தமானி (இலக்கம் 1562/22) சரியாக இரண்டாம் படியில் நிற்கிறது. அயலில் இந்தியா 2009இல் வைத்த நாளுக்கு 60, ஆண்டுக்கு 40ஐ விட இது இறுக்கமானது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், அதிகாரிகள் எப்படியும் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியமே இத்தனை காலம் ஆண்டுக்கு 25 என்று இருந்து, 2030இலிருந்துதான் 10க்கு இறங்குகிறது.

ஆகவே 5ஐச் சட்ட எல்லையாகக் கேட்காதீர்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று இந்து–கங்கைச் சமவெளியின் புகைமூட்டத்தை வங்காள விரிகுடா வழியாக இங்கே கொண்டுவருகிறது. அந்த நாட்களில் கொழும்பில் எல்லா வாகனங்களையும் நிறுத்தினாலும் 15க்குக் கீழே வராத நாட்கள் இருக்கும். நிறைவேற்றவே முடியாத எல்லை புத்தகத்தில் மட்டும் இருக்கும், யாரும் அதற்காகப் பொறுப்பேற்க மாட்டார்கள். மூன்றாம் படியைக் கேளுங்கள்: ஆண்டுக்கு 15, நாளுக்கு 37.5. அடுத்த படிக்கு எந்த ஆண்டு போவது என்ற கால அட்டவணையும் அதே ஒழுங்குவிதியில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துக் கேட்க வேண்டும், பெரும்பாலான மனுக்களில் இது விடுபட்டுப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நாள் எல்லை 99ஆம் சதமானத்துக்கானது. ஆண்டில் மூன்று நான்கு நாள் தாண்டலாம், அதற்கு மேல் கூடாது. ஐரோப்பாவின் புதிய நாள் எல்லை 25, ஆண்டில் 18 நாள் வரை தாண்டலாம். எத்தனை நாள் தாண்டினால் மீறல் என்று எழுதாத எல்லையில், தாண்டிய ஒவ்வொரு நாளையும் "விதிவிலக்கான வானிலை" என்று ஒதுக்கிவிட இடமிருக்கிறது.

பதில்: கொழும்பு_12

எல்லையை இறக்கினால் வளி சுத்தமாகிவிடும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, பருவக்காற்று அண்ணா. பிஎம் 2.5 மட்டும் என்றால் அரசுக்குத் தப்ப வழி கிடைக்கிறது. நீங்களே சொன்னபடி "பாதி இந்தியாவிலிருந்து வருகிறது" என்று சொல்லி முடித்துவிடலாம். காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் சுவாசிப்பது எங்கள் டீசல் புகையை, அதற்கு எந்த அயல்நாடும் பொறுப்பில்லை.

அந்த டீசல் புகையைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த லேசர் உணரிகள் மிகப் பலவீனம். எஞ்சினிலிருந்து அப்போதே வரும் கரித்துணிக்கை பெரும்பாலும் 0.1 மைக்ரோமீற்றரைச் சுற்றியது. 0.3க்குக் கீழே இந்த உணரிக்குச் சரியாகத் தெரியாது. அதாவது கடல் உப்பு ஈரத்தில் ஊதும்போது கூட்டிக் காட்டுகிறது, பஸ் புகைக்கு நடுவில் குறைத்துக் காட்டுகிறது. சமன்பாடு முதலாவதைத்தான் சரிசெய்யும்.

வீதிப் புகைக்கு நைதரசன் ஈரொட்சைட்டை அளவுங்கள். அது எரிப்பிலிருந்தே வருகிறது, ஆயுள் குறைவு, அதனால் கடல் கடந்து வந்தது என்று தட்டிக்கழிக்க முடியாது. மின்சாரம் தேவையில்லாத பரவல் குழாய் போதும். ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் நீளமான சிறு பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் இரசாயனம் தோய்த்த வலை, மறுமுனை திறந்தபடி கீழே பார்த்து இருக்கும். செய்முறை:

முதலில் குழாய்களைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வுகூடத்துடன் பேசி முடிவெடுங்கள். அவர்கள் தரும் குழாய்களையே பயன்படுத்துங்கள். 2 முதல் 4 மீற்றர் உயரத்தில் மின்கம்பத்தில் கட்டுங்கள், சுவரோடு ஒட்ட வேண்டாம். ஒரு இடத்துக்கு மூன்று குழாய். காலி வீதி ஓரத்தில் ஒரு இடம், கடற்கரைப் பக்கம் உள்ளொழுங்கையில் ஒரு இடம், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மூடி திறக்காமலே கூடப் போய் வரும் வெற்றுக் குழாய் ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் குழாய்களைக் கொண்டுபோய் வரும் வழியில் ஏறிய மாசைக் கழிக்க முடியாது. இரண்டு முதல் நான்கு கிழமை தொங்கவிடுங்கள். கட்டிய நேரத்தையும் கழற்றிய நேரத்தையும் நிமிடம் தவறாமல் எழுதுங்கள், கணக்கே அந்த நேரத்தை வைத்துத்தான். மூன்றில் ஒன்று மற்ற இரண்டிலிருந்தும் வெகுவாக விலகினால் உள்ளே சிலந்தி வலையோ மழைத்துளியோ போயிருக்கும், தூக்கி எறியுங்கள்.

வரும் எண் ஒரு மாதச் சராசரி. நமது வர்த்தமானியில் இந்த வாயுவுக்கு இருப்பது ஒரு மணிநேரத்துக்கு 250, எட்டு மணிநேரத்துக்கு 150, 24 மணிநேரத்துக்கு 100 மட்டுமே. ஆண்டு எல்லை இல்லை. உலக சுகாதார நிறுவனமோ ஆண்டுக்கு 10, நாளுக்கு 25 என்கிறது. பிஎம் 2.5இல் நாம் ஓரளவு நடுவில் நிற்கிறோம். நைதரசன் ஈரொட்சைட்டில் நாள் எல்லையே நான்கு மடங்கு தளர்வு, நீண்டகால எல்லை இல்லவே இல்லை. மனுவின் முதல் கோரிக்கை இதுவாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். டீசல் வாகனத்துக்கு அங்கே செய்வது சுமையில்லாமல் எஞ்சினை முடுக்கி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பது. பயணிகளை அடைத்துக்கொண்டு பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று நின்று போகும் பஸ்ஸின் நைதரசன் ஒட்சைட்டு அந்தப் பரிசோதனையில் தெரியாது.

பதில்: பருவக்காற்று

கொழும்பு_12 சொன்ன நைதரசன் ஈரொட்சைட்டு வாதம் பலமானது, சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் பிஎம் 2.5ஐப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். மரணக் கணக்கில் பெரும் பங்கு அதற்கே. எல்லை தாண்டி வரும் புகையைக் கழிக்கவும் வழி இருக்கிறது. தென்மேல் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கடலிலிருந்து வரும் காற்று ஒப்பீட்டில் சுத்தம். அந்த மாதங்களில் வீதியோர அளவுக்கும் கடற்கரை அளவுக்கும் இடையில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் நகரத்தின் சொந்தப் பங்கு. ஆண்டு முழுவதும் அளவுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். டிசம்பர், ஜனவரித் தரவை மட்டும் வைத்து "ஆண்டுச் சராசரி" என்று எழுதினால் மனு அந்தப் பக்கத்திலேயே விழுந்துவிடும்.

வெள்ளவத்தை_6ஆம்மாடி

மிக்க நன்றி, எல்லோருக்கும். கருவியை இரண்டாம் மாடிக்கு இறக்குகிறோம், குழாய்களுக்கு ஆய்வுகூடம் தேடுகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. அரச நிலையங்களின் மூலத் தரவை எப்படி வாங்குவது? பக்கத்து ஒழுங்கையில் ஒரு சிறு தொழிலகத்தின் புகைபோக்கி இருக்கிறது. அதையும் இந்த 50 எல்லையை வைத்தே முறையிடலாமா?

பதில்: வர்த்தமானி_வாசகர்

இரண்டாவதற்கு முதலில்: முடியாது. 50 என்பது சுற்றுப்புற வளிக்கான எல்லை, அதை எந்தத் தனி ஆள் மீறினார் என்று காட்ட இயலாது. தொழிலகத்துக்குப் பொருந்துவது அதன் சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரத்தின் நிபந்தனைகளும், நிலையான மூலங்களின் வெளியேற்றம் பற்றிய 2019 ஒழுங்குவிதிகளும். உரிமம் இருக்கிறதா, எப்போது காலாவதி, என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். சிறிய "இ" வகுப்புத் தொழில் என்றால் உரிமத்தை வழங்குவது உள்ளூராட்சி சபை, உங்களுக்கு அது கொழும்பு மாநகர சபை. பெரியவை அதிகார சபையிடம். தவறான இடத்துக்கு அனுப்பிய முறைப்பாடு மாதக்கணக்கில் மேசை மாறிக்கொண்டே இருக்கும்.

முறைப்பாட்டில் திகதி, நேரம், காற்று வீசிய திசை, எவ்வளவு நேரம் நீடித்தது, புகையின் நிறம், மணம் ஆகியவற்றை ஒரு நாட்குறிப்பாக இணைத்து, குறைந்தது மூன்று நான்கு வீட்டாரின் கையொப்பம் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். அங்கே மைக்ரோகிராம் எண்ணை விட அந்த நாட்குறிப்பும் அயலவர் சாட்சியமும் கூடுதல் எடை பெறும்.

தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அதிகார சபைக்கு ஒன்று, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்புங்கள். "வளித்தரத் தரவு தருக" என்று பொதுவாகக் கேட்டால் ஆண்டறிக்கை வரைபடம் ஒன்று வரும், அதில் எதுவும் கணக்கிட முடியாது. இப்படிக் கேளுங்கள்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்த நிலையத்தின், பிஎம் 2.5 மற்றும் நைதரசன் ஈரொட்சைட்டின் மணிநேர அளவுகள், விரிதாள் கோப்பாக; மானியின் வகையும் மாதிரி இலக்கமும்; கடைசியாக அளவு திருத்தம் செய்த பதிவு; கருவி நின்றுபோன மணிநேரங்களின் பட்டியல்; உறிஞ்சு வாயின் உயரமும் நிலையத்தின் அமைவிடமும். நின்றுபோன மணிநேரங்களை விட்டுவிடாதீர்கள். உச்சம் வரும் மாதங்களில் மானி பழுதாகி இருந்தால் "எல்லைக்குள்" என்ற சராசரிக்குப் பொருளில்லை.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கிடைத்ததற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கி வையுங்கள். கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தின் மானித் தரவை 2025 மார்ச்சில் அவர்களின் வெளியுறவுத் திணைக்களம் வெளியிடுவதை நிறுத்திவிட்டது, அதனால் அரச நிலையத் தரவை இப்போது இன்னும் அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லையை மாற்றும் அதிகாரம் அதிகார சபையிடம் இல்லை என்பதையும் கவனியுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி ஒழுங்குவிதி ஆக்குபவர் அமைச்சர். மனுவை அமைச்சருக்கு முகவரியிட்டு, பிரதியை அதிகார சபைக்கு அனுப்புங்கள். அரசு அசையாத இடத்தில் நீதிமன்றம் அசைத்த முன்மாதிரியும் உண்டு. வாகனப் புகைக்குத் தரநிலை வகுக்கப்படவில்லை என்று சட்டத்தரணி லாலனாத் டி சில்வா 1998இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வெளியேற்றம், எரிபொருள், வாகன இறக்குமதித் தரநிலைகள் பற்றிய 2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. மனுவின் பின்னிணைப்பில் அந்த வர்த்தமானியின் இலக்கத்தையும் (1137/35) குறிப்பிடுங்கள். இரண்டு எல்லைகளையும் கேட்கிறீர்கள் என்றால் நைதரசன் ஈரொட்சைட்டுக்கும் பிஎம் 2.5க்கும் தனித்தனிக் கோரிக்கைப் பந்திகள் எழுதுங்கள். ஒன்றை ஏற்று மற்றதை ஆய்வுக்கு அனுப்ப அமைச்சுக்கு அப்போதுதான் முடியும்.